கச்சிக் கற்றளியும் நின்றவூர் மனக்கோயிலும்

அரசர் வீற்றிருந்த நகரங்கள் மதிலாலும் மாளிகையாலும் படைப்பெருக்காலும் புகழ் பெறுவன. அரசு மாறிய பின்னர் மதில் மண்ணாகும். மாளிகை நின்ற இடமும் ஐயத்திற்கு உரியதாகும். தொண்டைநாட்டுத் தலைநகராகிய கச்சிமாநகரே இதற்குச் சான்று. பல்லவ வேந்தர் பல நூற்றாண்டு செங்கோலோச்சிய அந்நகரில், அவர் அரண்மனை இருந்த இடமென்று பல்லவமேடு என்னும் திடரைக் காட்டுவரேயன்றி, நிலத்தின்மேல் நிற்கும் மாளிகை ஒன்றினைக் காட்டுவார் இலர். இன்று அந்நகரின் பழமைக்குக் கண்கூடாய் நிற்பன அவ்வரசர் தமக்கென எடுத்தன அல்ல, இறைவனுக்கென எடுத்தனவே.

எனினும், கல்லால் எடுத்த கோயிலும் அன்பின்றித் தனித்து நிற்க வல்லதன்று. இவ்வுண்மையைக் கச்சிக்கு வடகிழக்கே அமைந்த திருநின்றவூர் என்னும் ஊரில் வாழ்ந்த பொருளில்லாத அந்தணர் ஒருவர் வாயிலாக இறைவன் அக்கச்சி வேந்தனுக்கே உணர்த்தியருளினான். ஆதலின் கச்சியின் வரலாற்றைக் கூறப் புகுவார் நின்றவூரை விடுத்துக் கூறுதல் நிரம்பாது. நின்றவூரின் பெருமையைக் கூறப் புகுவாரும் கச்சியை விடுத்துக் கூறல் இயலாது.

கச்சியின் தொன்மை

கச்சிநகரின் பெயர் பதஞ்சலி முனிவரது மாபாடியத்திலேயே காணப்படுகின்றது. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையன் அரசு வீற்றிருந்த ஊராக இதனைப் பாடுகின்றது. மணிமேகலைக் காப்பியத்துள், நாட்டில் மழை வறந்து உயிர்கள் பசியால் வருந்திய காலத்து, மணிமேகலை அமுதசுரபியோடு புக்கு உணவளித்த நகரும் இதுவே. வடபுலத்துக் குப்தப் பேரரசனாகிய சமுத்திரகுப்தன் தென்றிசை நோக்கிப் படையெடுத்தபோது எதிர்ப்பட்ட அரசருள் காஞ்சி விட்டுணுகோபனும் ஒருவன் என்று அலகாபாத்துத் தூண் சாசனம் கூறும்.

கல்விக்கு இந்நகர் உறைவிடமாயிருந்தமைக்குத் தாளகுண்டாச் சாசனம் கரியாகும். கதம்பர் குல முதல்வனாகிய மயூரசன்மன் என்னும் அந்தணன், வேதம் முற்றக் கற்றற்பொருட்டுத் தன் ஆசிரியனோடு கச்சிக் கடிகைக்கு வந்தனன் என்றும், ஆண்டுப் பல்லவக் குதிரை வீரனொருவனோடு நேர்ந்த பூசலால் வெகுண்டு நூலை விடுத்து வாளெடுத்தனன் என்றும் அது கூறுகின்றது. கடிகை என்பது உயர்ந்த நூல்களைக் கற்பிக்கும் கழகம்.

640 ஆம் ஆண்டளவில் இந்நாட்டிற்கு வந்த சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங், இந்நகரின் சுற்றளவு 30 லீ என்றும், நூறு பௌத்தப் பள்ளிகளும் அவற்றில் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்றும், தேவர் கோயில்கள் எண்பது இருந்தன என்றும், அமணர் பலர் வாழ்ந்தனர் என்றும் எழுதிவைத்தார். முப்பது லீ என்பது ஏறக்குறைய ஐந்து கல் தொலைவு. இதனால், பல சமயத்தாரும் தத்தங் கொள்கையை நிறுவ வந்து கூடிய வாதக்களமாகக் கச்சி அந்நாளில் விளங்கிற்று என்பது பெறப்படும்.

பல்லவரும் சைவமும்

அக்களத்தில் சைவம் தலையெடுத்தது மகேந்திரவன்மன் காலத்தில் என்பர். சமண் சமயம் சார்ந்திருந்த பல்லவ வேந்தன், திருநாவுக்கரசு சுவாமிகளின் பெருமையைக் கண்டு சைவஞ் சார்ந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்னுந் திருக்கோயில் எடுத்தான் என்று சேக்கிழார் சுவாமிகள் அருளிச்செய்தார். குணபரன் என்பது மகேந்திரவன்மனுக்குரிய பட்டப்பெயர் என்பது சாசனங்களால் அறியப்படுகின்றது.

அவ்வேந்தன் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலில் பொறித்த வடமொழிச் சாசனம் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய இவை இன்றியே இக்கோயில் ஆக்கப்பட்டது என்று வியப்புத் தோன்றக் கூறுகின்றது அது. ஆகவே அவனுக்கு முன்னர்க் கோயில்கள் பெரும்பாலும் இப்பொருள்களாலேயே ஆக்கப்பட்டன என்பதும், அவை காலத்தால் அழிந்துபட்டன என்பதும் உய்த்துணரப்படும். மலையைக் குடைந்து கோயில் காணும் முறை அவனால் இந்நாட்டிற் பரவியது.

அவன் மகன் முதலாம் நரசிங்கவன்மன் 642 ஆம் ஆண்டளவில் சளுக்கியர் தலைநகராகிய வாதாபியை வென்றான். அப்போரில் மன்னவற்காகச் சென்று வாதாபித் தொன்னகரம் துகளாக்கி மீண்டவர் பரஞ்சோதியார் என்னும் சிறுத்தொண்ட நாயனார் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். கச்சியரசு துறந்து சிவதலங்கள் தோறுஞ் சென்று வெண்பாப் பாடிய ஐயடிகள் காடவர்கோன் நாயனாரும் பல்லவர் குலத்தவரே. காடவர் என்பது பல்லவர்க்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று. இங்ஙனம் அறுபத்துமூவருள் அரசராயும் அரசர்க்குத் துணைவராயும் இருந்தார் சிலரைக் கச்சி தந்தது.

இராசசிம்மன் எடுத்த கற்றளி

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு புரிந்தவன் இரண்டாம் நரசிங்கவன்மன். இராசசிம்மன் என்பது அவனது சிறப்புப் பெயர். குடைந்தெடுத்த கோயிலோடு அமையாது, கல்லின்மேற் கல்லடுக்கி விமானம் உயர்த்தும் முறையைப் பெருக வளர்த்தவன் இவன். கச்சியின் மேல்பாலில் இவன் எடுத்த இராசசிம்மேச்சுரம் இன்று கயிலாசநாதர் கோயில் என வழங்குகின்றது. சோழர் சாசனங்கள் இதனைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று வழங்கும்.

அடித்தளம் கருங்கல்லாலும் மேற்பகுதி மணற்கல்லாலும் அமைந்த இக்கோயிலின் கருவறையில் பதினாறு பட்டை தீர்ந்த சிவலிங்கத் திருமேனி எழுந்தருளியுள்ளது. அதன் பின்னே சுவரில் அம்மையோடும் இளமுருகனோடும் வீற்றிருக்கும் சோமாக்கந்தத் திருவுருவம் காணப்படும். கருவறையைச் சுற்றிவரும் வழி மிகக் குறுகியது. உடலை ஒடுக்கித் தவழ்ந்து புகுந்து தவழ்ந்தே வெளிப்படல் வேண்டும். திருச்சுற்று மாளிகையில் 58 சிறு கோயில்கள் வரிசையாய் உள. சிங்கத் தூண்களும், ஆலமர்செல்வர், முப்புரமெரித்தவர், பலிதேர்ந்தவர், இலிங்கத்தில் வெளிப்பட்டவர் முதலிய திருவுருவங்களும் சுவர்தோறும் செறிந்துள. அரசன் தேவியாகிய இரங்கபதாகை எடுத்த சிறுகோயிலும், மகன் மூன்றாம் மகேந்திரவன்மன் எடுத்த மகேந்திரவன்மேச்சுரமும் முன்புறத்தே உள. அரசனுடைய பட்டப்பெயர்கள் 250க்கு மேற்பட்டன இக்கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் சிவசூடாமணி என்பதும் ஆகமப்பிரியன் என்பதும் சைவர் மகிழ்தற்குரியன.

விமானத்தின் அடிப்புறத்தைச் சுற்றி ஓடும் வடமொழிச் சாசனத்தை ஊல்ச் என்னும் அறிஞர் 1890 இல் வெளியான தென்னிந்தியச் சாசனத் தொகுதியின் முதன் மடலத்தில் பதிப்பித்தார். அதனுள் இரண்டு செய்திகள் சைவவுலகத்தார் பொன்னேபோற் போற்றத்தக்கன. ஒன்று, அவ்வரசன் சைவசித்தாந்த நெறியில் நின்று மலம் நீங்கினான் என்பது. சைவசித்தாந்தம் என்னும் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்ட மிகப் பழைய இடங்களுள் இஃது ஒன்றாகும். மற்றொன்று, கிருதயுகத்தில் துடியந்தன் முதலிய அரசர் வானொலி கேட்டனர். நற்குணம் அரிதாகிய இக்கலியுகத்திலும் இவ்வரசன் அவ்வொலியைக் கேட்டான், இஃது வியப்பே என்பது.

அவ்வொலி யாது கூறிற்று என்பதைச் சாசனம் கூறாதொழிந்தது. அதனை அறிதற்கு நின்றவூர்க்குச் செல்லல் வேண்டும்.

நின்றவூர்ப் பூசலார்

திருநின்றவூர் சென்னையின் மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்த் தொலைவில், அரக்கோணஞ் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. இவ்வூர்க்குத் தேவாரப் பதிகம் இன்று இல்லை. ஆயினும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் பூசலாரை அவர்தம் ஊர்ப்பெயரோடு சேர்த்தே ஓதியருளினார். திருமங்கையாழ்வார் பாடிய திருமால் கோயிலும் இவ்வூரில் உண்டு.

பூசலார் மறையவர் குலத்தினர். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுத்தல் வேண்டும் என்னும் வேட்கை அவர்பால் முளைத்தது. பொருளை எங்கெங்கோ தேடினார், சிறிதும் கிடைத்திலது. என் செய்வல் என்று நைந்தவர், மனத்தினாலேயே கோயில் எடுப்பல் என்று துணிந்தார். துணிந்தவர் பொதுவாக நினைந்து அமையாது, கோயிலெடுக்கும் முறை முழுவதையும் வழுவாது மனத்தின்கண் நடத்தினார். பொருளை ஈட்டினார், கல்லும் மரமும் கருவியும் தொகுத்தார், தச்சரைத் தேடினார், ஆகமம் விதித்த நாளில் அடிநிலை பாரித்தார், இரவினுங் கண்துயிலாது வேலை கண்டார். அடி முதல் சிகரம் ஈறாக அளவு பிழையாமல் உயர்த்தித் தூபி நாட்டிச் சுதை தீற்றினார். கிணறும் மதிலும் வாவியும் அமைத்தார். இங்ஙனம் நெடுநாள் சென்ற பின்னர், இறைவனைத் தாபிக்கும் நன்னாளும் குறித்தார்.

அந்நாளையே கச்சியில் தான் எடுத்த கற்றளிக்கும் தாபன நாளாகக் காடவர்கோமானும் குறித்திருந்தனன். அதற்கு முன்னாள் இரவில் இறைவன் அவன் கனவில் எழுந்தருளி, நின்றவூரில் பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து எடுத்த ஆலயத்தில் நாளை யாம் புகுவேம், நீ இங்குக் குறித்த செயலைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்க என்னும் கருத்துப்பட அருளி மறைந்தனன்.

விழித்தெழுந்த வேந்தன் வெகுண்டிலன், நாணமுற்றிலன், இறைவன் உவந்த அடியவரைக் காணவேண்டும் என்னுங் காதலே அவன்பால் மிக்கது. நின்றவூரை அடைந்து, பூசலார் எடுத்த கோயில் யாண்டுளது என்று வினவினான். அவ்வூரார், இங்கு அவர் கோயில் ஒன்றும் எடுத்திலர் என்றனர். ஊரிலுள்ள மறையவரை எல்லாம் வருவித்து வினவியபின் பூசலார் இருக்குமிடம் அறிந்து, தானே சென்று பணிந்து, கனவில் இறைவன் கூறியதைத் தெரிவித்தான். அவர் மருண்டு, ஒரு பொருளாக என்னையும் கருதிற்றோ அத்திருவருள் என்று உருகி, மனக்கோயில் எடுத்தவாற்றை உரைத்தனர். அரசன் அவர் அடிகளில் நிலமுற வணங்கிப் படையோடு தன் நகர் மீண்டான். பூசலார் தாம் குறித்தவாறே இறைவனைத் தம் உள்ளத்தில் தாபித்துப் பூசை புரிந்திருந்து, திருவடி சேர்ந்தார்.

சாசனமும் புராணமும்

சேக்கிழார் சுவாமிகள் இவ்வரசன் இயற்பெயரைக் கூறிற்றிலர். காடவர்கோன் என்றும், கச்சியிற் கற்றளி எடுத்தவன் என்றும் குறித்தமைந்தனர். கச்சியில் பெருங் கற்றளி எடுத்தவன் இராசசிம்மனே ஆதலாலும், அவன் வானொலி கேட்டான் என்று அவன் கோயிற் சுவரே பறைசாற்றுதலாலும், அவ்வரசன் இவனே என ஆராய்ச்சியாளர் பலர் துணிவர். இராசசிம்மனுக்கு நானூறு ஆண்டுகட்குப் பின், சோழர் அமைச்சராய் விளங்கிய சேக்கிழார், தாம் பிறந்த குன்றத்தூர்க்கு அணித்தாகிய நின்றவூரின் செய்தியை வழிவழிக் கேட்டறிந்து பாடினார் என்றல் பொருந்தும். தன் செயலைத் தானே புகழும் அரசனது சாசனத்தும், அடியாரைப் புகழும் புராணத்தும் ஒரே அருள் நிகழ்ச்சியின் இரு கூறுகள் காணப்படுவது சிந்திக்கற்பாலது. சாசனம் கேட்டவனைக் கூறிற்று. புராணம் கேட்டதனைக் கூறிற்று.

பகைவன் வணங்கிய கோயில்

இராசசிம்மனுக்குப் பின் சில்லாண்டில் கச்சிக்குப் பெரும் இடர் வந்தது. 733 முதல் 744 வரை அரசாண்ட சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன், பல்லவமல்லனாகிய இரண்டாம் நந்திவன்மனை வென்று கச்சியுட் புகுந்தனன். தன் முன்னோர் நகராகிய வாதாபியைப் பல்லவர் அழித்த பழி அவன் நெஞ்சில் இருந்திருத்தல் வேண்டும். ஆயினும் இராசசிம்மேச்சுரத்தைக் கண்டதும் அவன் கை தாழ்ந்தது. அக்கோயிலின் பெரும்பொருளைக் கண்டு, அதனைக் கவராது இறைவனுக்கே மீள அளித்தான் என்று அவன் கன்னட எழுத்தில் அக்கோயிற்றூண் ஒன்றிலேயே பொறிப்பித்தான். இதனை அழிப்பார் இந்நகர்க் கடிகையாரைக் கொன்றார் புகும் உலகிற் புகுவர் என்பது அதன் ஈற்றிலுள்ள ஓம்படை. அவன் மகன் கீர்த்திவன்மனது 757 ஆம் ஆண்டு வக்கலேரிச் செப்பேடும் இச்செயலைப் புகழ்கின்றது. அவன் தேவியாகிய உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுத்த உலோகேச்சுரம், இன்று விரூபாக்கர் கோயில் எனப்படுவது, கச்சிக் கற்றளியின் அமைப்பைப் பெரிதும் ஒத்துள்ளது. வென்றவன் நாட்டிற்குத் தோற்றவன் கோயில் வழிகாட்டிற்று.

ஏனைய திருக்கோயில்கள்

இரண்டாம் நந்திவன்மன் எடுத்த பரமேச்சுர விண்ணகரம், இன்று வைகுந்தப்பெருமாள் கோயில் எனப்படும். பல்லவர் குலவரலாறு முழுவதையும் அதன் திருச்சுற்றுச் சுவரிற் சிற்பமாகக் காணலாம். தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இந்நகரில் ஐந்து: திருவேகம்பம், திருமேற்றளி, ஓணகாந்தன்றளி, அநேகதங்காவதம், நெறிக்காரைக்காடு என்பன. இவற்றுள் திருவேகம்பம் பஞ்சபூதத் தலங்களுள் பிருதிவித் தலம். அதன் தென்புறப் பெருங்கோபுரம் விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் 1509 இல் எடுத்தது. ஏகம்பத்திற்கும் காமகோட்டத்திற்கும் இடையே குமரகோட்டம் அமைந்திருத்தலால், இந்நகரமே ஒரு சோமாக்கந்தத் திருவுருவம் என்று அன்பர் கொள்வர். அக்குமரகோட்டத்திலேயே கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணம் பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான யோகிகள் இந்நகர்க்குக் காஞ்சிப்புராணம் அருளிச்செய்தனர். அதன் இரண்டாங் காண்டம் அவர் மாணாக்கராகிய கச்சியப்ப முனிவர் பாடியது.

அடைபட்ட கற்றளி

இத்துணைச் சிறப்பு வாய்ந்த நகரில், பகைவனும் வணங்கிய இராசசிம்மேச்சுரத்திற்குப் பின்னாளில் நேர்ந்தது சைவர் உள்ளத்தை வருத்துவதாகும். சகம் 1286, அதாவது 1364 ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று அக்கோயிலிலேயே உள்ளது. குலோத்துங்க சோழதேவர் காலத்தில் இக்கோயில் அடைக்கப்பட்டது. இதன் நிலங்கள் விற்கப்பட்டன. இதன் திருமடைவளாகமும் சுற்றிடமும் அணித்தேயுள்ள அநேகதங்காவதமுடைய நாயனார்க்குக் கொடுக்கப்பட்டன. விசயநகர இளவரசன் கம்பண உடையார் காலத்தில், அதிகாரி கோப்பணங்கள் என்பார் அவ்விடங்களை மீட்டுப் பூசையும் திருப்பணியும் மீள நடைபெற ஆணையிட்டனர்.

இதனுள் நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. கோயிலை அடைத்தவர் பிற சமயத்தாரல்லர்; பகைவரும் அல்லர். சைவத்தில் தலைநின்ற சோழர் ஆட்சியிலேயே இது நிகழ்ந்தது. அடைத்த நாளில் விமானம் நின்றது, சிற்பம் நின்றது, சாசனமும் நின்றது. நில்லாதொழிந்தது பூசையே. இருநூற்றைம்பது பட்டப்பெயரும் சுவரில் இருக்க, விளக்கேற்றுவார் ஒருவர் இலராயினர்.

நின்றவூர் மனக்கோயிலுக்கோ நிலமில்லை, விற்பதற்கு, கதவில்லை, அடைப்பதற்கு. அக்கோயிலை நினைந்து பின்னோர் எடுத்த இருதயாலீசுவரர் கோயில் இன்றும் திருநின்றவூரில் உள்ளது. அதன் கருவறையில் சிவலிங்கத்தோடு பூசலார் திருவுருவமும் உள்ளது. ஐப்பசி அனுடத்தில் அவர் குருபூசை நிகழ்கின்றது. நெஞ்சுநோய் உற்றாரும் ஆண்டு வந்து வழிபட்டுச் செல்கின்றனர்.

அகமும் புறமும்

இவ்வரலாற்றைக் கொண்டு புறக்கோயில் வேண்டா, மனக்கோயிலே அமையும் என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. யாங்ஙனமெனின், இறைவன் அரசன் கோயிலை வேண்டா என்றிலன். வேறொரு நாளிற் புகுவேம் என்றே அருளினான். பூசலாரும் புறக்கோயிலை இகழ்ந்து அகத்தே எடுத்தாரல்லர். பொருள் கிடைத்திருப்பின் கல்லாலேயே எடுத்திருப்பர். அகத்தெடுத்த காலத்தும் ஆகம அளவும் நாளும் பிழையாது எடுத்தனர். மெய்கண்டதேவர் சிவஞானபோதம் ஒன்பதாஞ் சூத்திரத்தில் திருவைந்தெழுத்தால் உள்ளத்தே பூசிக்கும் முறையை உணர்த்தினார். பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவமெனவே கண்டு வழிபடுமாறு பணித்தார். முன்னையதனை எய்தியவர்க்கே பின்னையது விதிக்கப்பட்டமையின், அகப்பூசை கைவந்தவர் ஆலயத்தைக் கைவிடுதல் நூலோர் கருத்தன்று.

கச்சி வேந்தன் செயலும் இதற்கு இலக்கியமாகும். நின்றவூரில் ஒரு கல்லும் காணாது நின்றபோது, ஊரார் சொல்லைக் கொண்டு மீண்டிலன். அடியவரைத் தேடிக் கண்டு திருவேடத்தை வணங்கினான். வணங்கிய பின் தன் நகர் சென்று, தான் தொடங்கிய ஆலயத்தொண்டையும் முடித்தான். தலைநகரத்தைச் சிற்றூர் முன் தாழ்த்திய அப்பணிவே அவன் கற்றளிக்கு அடிநிலையாயிற்று.

இன்று கயிலாசநாதர் கோயிலைத் தொல்பொருட்டுறையினர் பேணி வருகின்றனர், பூசையும் நடைபெறுகின்றது. கலையழகு காண்பார் பலதேயத்தினின்றும் வருகின்றனர். அங்ஙனம் வருவார் சிற்பத்தை வியந்து மீள்வதோடமையாது, அச்சுவரிற் பொறித்த வானொலியின் பொருளை உள்ளத்துக் கொள்ளுதல் வேண்டும். ஊர்தோறும் பல கோயில்கள் ஒருகால விளக்கும் இன்றிக் கிடத்தலை அறிவார்க்கு, 1364 ஆம் ஆண்டுச் சாசனம் பழங்கதை ஆகாது. கல்லைக் காப்பது அரசினரால் இயலும். பூசையைக் காப்பது அன்பரால் மட்டுமே இயலும். நெஞ்சில் நின்றவூர் அமையின் கச்சிக் கற்றளி வாழும். அஃது அமையாவழி, இராசசிம்மன் எடுத்ததே ஆயினும், கதவடைபடும். பூசலார் திருவடி போற்றி.

திருச்சிற்றம்பலம்.